இரு முறை ஏறி, இரு முறை இறங்கிய நிதி மந்திரி

ராயப்பேட்டையிலிருந்து ஆழ்வார்பேட்டைக்குப் போகும் நீண்ட சாலை சென்னைவாசிகள் எல்லோருக்கும் தெரிந்ததே. அதன் பழைய பெயர் மௌபரீஸ் ரோடு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜார்ஜ் மௌப்ரே என்ற ஆங்கிலேயர் அடையாற்றங்கரையில் கட்டிக்கொண்ட தோட்ட பங்களாவுக்குச் சென்ற வழி அது. இன்று அதன் பெயர் டி. டி. கே. சாலை. மார்கழியில் கச்சேரி கேட்க ரசிகர்கள் கூடும் சங்கீத வித்வத் சபையின் பெரிய மண்டபத்துக்கும் அதே பெயர்தான்.

அந்த மூன்று எழுத்துக்களுக்கு உரியவர் யார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால், சிலர் குக்கர் கம்பெனி என்பார்கள். குக்கருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது மெய்தான். ஆனால் திருவள்ளூர் தட்டை கிருஷ்ணமாச்சாரியின் கதை குக்கரோடு முடிவதல்ல. இந்நாட்டு ஜனங்களின் சிறு சேமிப்பைத் திரட்டி, பெரிய தொழில்களுக்கு மூலதனமாக்கும் சர்க்கார் ஸ்தாபனங்களை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். அத்தகைய ஸ்தாபனம் ஒன்றினாலேயே அவர் பதவி இழந்தார். பிறகு மீண்டும் அதே நாற்காலியில் அமர்ந்து, அதே வகையில் மேலும் இரண்டு ஸ்தாபனங்களை உண்டாக்கினார். விசித்திரமான இந்த வாழ்க்கையை ஒரு முறை திரும்பிப் பார்ப்போம்.

சோப்பு விற்ற பட்டதாரி

கிருஷ்ணமாச்சாரி 1899-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் மயிலாப்பூர்ப் பக்கத்துப் பட்டதாரி இளைஞன் என்றால் முன்னால் இரண்டே பாதைகள்தான். ஒன்று, வக்கீல் கவுன்; மற்றொன்று, சர்க்கார் உத்தியோகம். இவர் இரண்டையும் விட்டு, கடைவீதியைத் தேர்ந்தெடுத்தார். 1928-ல் தம் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினார். லீவர் கம்பெனியின் சோப்பு முதலிய சீமைச் சரக்குகளைத் தென்னாட்டில் விநியோகிப்பது அதன் வேலை.

சோப்பு விற்பதில் என்ன பெருமை என்று கேட்கலாம். ஒரு பொருளைச் சிற்றூர் மளிகைக் கடை வரையில் கொண்டு சேர்ப்பவனுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஜனங்களிடம் பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. அதைச் சேர்த்துப் பார்த்தால்தான் பெரிய தொகை. பின்னாளில் தேசத்தின் கஜானாவைக் கையில் எடுத்த மனிதருக்கு அந்தப் பாடம் பிரயோஜனப்படாமல் போகவில்லை.

1937-ல் சென்னைச் சட்டசபைக்குச் சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் காங்கிரஸில் சேர்ந்தார். 1942-ல் மத்திய சட்டசபை. அதன் பிறகு அரசியல் நிர்ணய சபை. அரசியல் சட்டத்தின் நகலைத் தயாரித்த கமிட்டியில், டி. பி. கைதான் காலமானபின் ஏற்பட்ட இடம் இவருக்குக் கிடைத்தது. 1948 நவம்பரில் சபையில் பேசும்போது, கமிட்டியின் அங்கத்தினர்கள் பலரும் ஏதேதோ காரணங்களால் வர இயலாமற் போக, பாரம் முழுவதையும் டாக்டர் அம்பேத்கரே சுமந்தார் என்று மனம் திறந்து சொன்னவர் இவர்தான். தாம் உறுப்பினராக இருந்த கமிட்டியின் பெருமையைத் தமக்கும் பங்கு போட்டுக்கொள்ளாமல், உரியவருக்கே கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

உருக்கும் எந்திரமும்

1952-ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. சென்னையிலிருந்து லோக் சபைக்குச் சென்ற டி. டி. கே.யை, நேரு வர்த்தகத் தொழில் மந்திரியாக்கினார். வியாபாரி ஒருவர் வியாபாரத்தின் மீதே அதிகாரம் பெற்றதைக் கண்டு சிலர் மகிழ்ந்தனர், சிலர் சந்தேகித்தனர்.

வெளிநாட்டிலிருந்து உதிரி பாகங்களைக் கொண்டுவந்து, இங்கே பூட்டி, மோட்டார் என்று விற்கும் பழக்கம் அப்போது இருந்தது. இங்கேயே படிப்படியாக உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இனி இடம் என்று சர்க்கார் 1953-ல் முடிவு செய்தது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற அந்நியக் கம்பெனிகள் மூட்டை கட்டின. உற்பத்தி செய்ய முன்வந்தவர்கள் நின்றார்கள். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனதும், அதே வருஷம் திருவொற்றியூர்ப் பக்கத்தில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழில் பிறந்ததும் அந்தக் காலத்தின் சங்கதிகளே. சென்னையைச் சுற்றி மோட்டார்த் தொழில் வேரூன்றிய வரலாற்றில் இந்த ஆண்டுகளை விட்டுவிட முடியாது.

1955-ல் இரும்பு, உருக்கு இலாகாவும் அவரிடம் வந்தது. ரூர்கேலாவில் ஜெர்மானியர், பிலாயில் ரஷ்யர், துர்காபூரில் ஆங்கிலேயர் என்று மூன்று நாட்டாரின் துணையோடு, ஒவ்வொன்றும் வருஷத்துக்குப் பத்து லட்சம் டன் திறனுடைய மூன்று ஆலைகளைச் சர்க்காரே கட்டத் துணிந்த காலம் அது.

ஆலை கட்டச் செங்கல் போதாது, பணம் வேண்டும். சாதாரண பாங்குகள் அதற்கு உதவா. அவற்றிடம் இருப்பது ஜனங்கள் எந்த நேரமும் திருப்பிக் கேட்கக்கூடிய டிபாசிட். அதை எடுத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஓர் உலையில் போட்டுவிட முடியுமா? ஆகவே நீண்ட காலக் கடன் கொடுப்பதற்கென்றே தனி ஸ்தாபனங்கள் வேண்டியிருந்தன. 1948-ல் மத்திய சர்க்கார் தொழில் நிதிக் கார்ப்பரேஷனை ஏற்படுத்தியது. அடுத்த வருஷமே சென்னையில் தொழில் முதலீட்டுக் கார்ப்பரேஷன் பிறந்தது. மாகாண அளவில் இதுவே முன்னோடி. இன்றும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் என்ற பெயரில் அது சிறு தொழில்களுக்குக் கடன் கொடுத்து வருகிறது. 1955-ல் உலக பாங்கின் கடனும், நமது சர்க்கார் வட்டியில்லாமல் தந்த ஏழரைக் கோடி ரூபாயும் சேர, தனியார் பங்குகளோடு ஐ.சி.ஐ.சி.ஐ. தொடங்கிற்று. அதன் முதல் தலைவர் நமது ஆற்காடு ராமசாமி முதலியார்.

245 கம்பெனிகள் ஒன்றான கதை

இதற்குள் இன்ஷூரன்ஸ் உலகில் பெரிய மாறுதல் நிகழ்ந்தது. ஆயுள் இன்ஷூரன்ஸ் என்பது நம்பிக்கையின் வியாபாரம். மயிலாப்பூர் மாடவீதியில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குமாஸ்தா, சம்பளம் வாங்கியதும் அரிசிக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் போக மிச்சம் பிடித்துப் பிரீமியம் கட்டுகிறார். இருபது வருஷம் கழித்து, அல்லது தமக்குப் பின்னால் மனைவி மக்களுக்கு, அது திரும்ப வரும் என்ற ஒரே தைரியம்தான் காரணம். அந்தப் பணத்தைச் சில கம்பெனிகளின் முதலாளிகள் தங்கள் சொந்தத் தொழில்களுக்குத் திருப்பிவிட்டார்கள். சுதந்திரத்தை ஒட்டிய பத்து ஆண்டுகளில் இருபத்தைந்து கம்பெனிகளுக்குக் குறையாமல் கலைக்கப்பட்டன.

நிதி மந்திரி சிந்தாமண் தேஷ்முக் 1956 ஜனவரி 19-ந் தேதி ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் ஆயுள் இன்ஷூரன்ஸைத் தேச உடைமை ஆக்கினார். இந்தியக் கம்பெனிகள் 154, அந்நியக் கம்பெனிகள் 16, பிராவிடண்டு சங்கங்கள் 75, ஆக மொத்தம் 245 ஸ்தாபனங்கள் ஒன்றாகக் கலந்தன. செப்டம்பர் முதல் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், அதாவது எல்.ஐ.சி., ஐந்து கோடி ரூபாய் மூலதனத்தோடு பிறந்தது.

குழந்தை பிறந்தபோது தகப்பன் வீட்டில் இல்லை என்பது போல, தேஷ்முக் அதற்குள் பம்பாய் நகரப் பிரச்னையில் ராஜினாமாச் செய்துவிட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் டி. டி. கே. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியிருந்த நேரம். பொதுத்துறைக்கு மட்டும் 4,800 கோடி ரூபாய் திட்டம். கையிலோ அந்நியச் செலாவணி வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. 1957-ல் அவர் சொத்து வரி போட்டார்; செலவு வரியும் போட்டார். பணக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அதே வருஷம் ஏப்ரல் முதல் தேதி பதினாறு அணாக் கணக்கு போய், நூறு நயா பைசாக் கணக்கு வந்தது. கறிகாய்க்காரியும் வாங்க வந்த மாமியும் சில்லறைக்காக வாதாடிய அந்த நாட்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அதே 1957 தேர்தலில் தென் சென்னைத் தொகுதி அவரை லோக் சபைக்கு அனுப்பியது.

ஒரு கோடியே இருபத்து நான்கு லட்சம்

அந்த உச்சியில்தான் கால் வழுக்கியது.

கல்கத்தாவில் ஹரிதாஸ் முந்தரா என்றொரு வியாபாரி. பங்குகளை வாங்கி, அவற்றை அடகு வைத்து, அந்தப் பணத்தில் மேலும் பங்குகளை வாங்கி உயர்ந்தவர். 1957-ல் அவருடைய நிலைமை ஆட்டம் கண்டது. அந்த ஜூன் மாதம் எல்.ஐ.சி. அவருக்குச் சொந்தமான ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் ஒரு கோடியே இருபத்து நான்கு லட்சம் ரூபாய்க்கு வாங்கிற்று. ஜெஸ்ஸாப், ரிச்சர்ட்ஸன் குருடாஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் முதலியவை அந்தக் கம்பெனிகள். எதில் முதலீடு செய்யலாம் என்று ஆலோசனை சொல்வதற்கென்றே கார்ப்பரேஷனில் ஒரு கமிட்டி இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

அந்த விஷயத்தை 1957 டிசம்பரில் பார்லிமெண்டில் கிளப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. காங்கிரஸ் அங்கத்தினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி. பாலிசிதாரர்களின் பணம் ஒரு தனி மனிதரைத் தூக்கி நிறுத்தப் பயன்பட்டதா என்பதே கேள்வி. பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி எம். சி. சாக்ளா தனி நபர் கமிஷனாக நியமிக்கப்பட்டார். மூடிய கதவுக்குள் விசாரிக்காமல், ஜனங்கள் முன்னிலையில் அவர் விசாரித்தார். மண்டபத்தில் இடம் கொள்ளாமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க நேர்ந்தது. சில வாரங்களிலேயே விசாரணை முடிந்து அறிக்கை வெளிவந்தது. ஒரு கமிஷன் இத்தனை சுருக்காக வேலையை முடிப்பது நம் நாட்டில் இன்றும் அபூர்வம்.

நிதி இலாகாவின் தலைமைக் காரியதரிசி எச். எம். பட்டேல் இந்தப் பேரத்தில் முன்னின்றவர். மந்திரி இதற்குச் சம்மதித்தாரா என்பதில் இரண்டு தரப்பும் வேறு வேறாகச் சொன்னார்கள். ஆனால் காரியதரிசி செய்த காரியத்துக்கு மந்திரி பார்லிமெண்டில் பொறுப்பேற்றுத்தான் ஆகவேண்டும். எனக்குத் தெரியாது என்று ஒதுங்க முடியாது என்பது சாக்ளாவின் முடிவு. 1958 பிப்ரவரியில் டி. டி. கே. ராஜினாமாச் செய்தார். பட்ஜெட்டுக்கு இரண்டு வாரமே இருந்தது. நிதி இலாகாவை நேருவே எடுத்துக்கொண்டு அந்த வருஷத்துப் பட்ஜெட்டைப் படித்தார். முந்தரா சிறை சென்றார்.

இதில் டி. டி. கே. பணம் தின்றார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆயினும் பதவி போயிற்று. இது அநீதி என்று கருதியவர்கள் உண்டு. ஆனால் குமாஸ்தாவின் இடத்திலிருந்து பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும். தனியார் கம்பெனி பணத்தை விழுங்கினால் முதலாளியின் சட்டையைப் பிடிக்கலாம். சர்க்கார் கார்ப்பரேஷனில் யாருடைய சட்டையைப் பிடிப்பது? தலைவர் காரியதரிசியைக் காட்டுகிறார். காரியதரிசி மந்திரியைக் காட்டுகிறார். மந்திரி கோப்பைக் காட்டுகிறார். எங்கேயாவது ஒருவர் நின்று, பொறுப்பு என்னுடையது என்று ஏற்காவிட்டால், பொது உடைமை என்பது யாருக்கும் உடைமையில்லாத பொருளாகிவிடும். 1958-ல் அந்த விலையைக் கொடுத்தவர் டி. டி. கே.

மவுண்ட் ரோடில் எழுந்த மாளிகை

அப்போது சென்னை மவுண்ட் ரோடில் ஒரு பெரிய கட்டடம் மாடி மாடியாக உயர்ந்துகொண்டிருந்தது. யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எம். சிடி. சிதம்பரம் செட்டியார் 1953-ல் தொடங்கிய வேலை அது. செட்டியார் 1954-ல் சிங்கப்பூர் விமான விபத்தில் உயிரிழந்தார். கம்பெனி தேச உடைமையானதும் கட்டடம் எல்.ஐ.சி.யைச் சேர்ந்தது. 1959 ஆகஸ்டு 23-ந் தேதி, 177 அடி உயரமான அந்த மாளிகையைத் திறந்து வைத்தவர் நிதி மந்திரி மொரார்ஜி தேசாய். இந்தியாவிலேயே உயரமான கட்டடம் என்று அப்போது பேர் வாங்கியது. மவுண்ட் ரோடு பின்னர் அண்ணா சாலை ஆயிற்று. கட்டடம் மட்டும் அதே எல்.ஐ.சி. கட்டடந்தான்.

டி. டி. கே. பதவியில் நீடித்திருந்தால், தம் சொந்த ஊரில் அந்த நாடாவை வெட்டும் கை அவருடையதாக இருந்திருக்கும்.

பத்து ரூபாய் யூனிட்

அரசியலில் நான்கு வருஷம் என்பது நீண்ட காலம். 1962-ல் திருச்செந்தூர்த் தொகுதியிலிருந்து போட்டியின்றி லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நேரு அவரை மறக்கவில்லை. முதலில் இலாகா இல்லாத மந்திரி. சீனப் போர் வந்ததும் பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்பு மந்திரி. 1963 ஆகஸ்டில் மறுபடியும் நிதி மந்திரி. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இவரோ போனார், போனதோடு, புது அடுப்புகளையும் மூட்டினார்.

முதலாவது, யூனிட் டிரஸ்டு. கம்பெனிப் பங்கு வாங்குவது பணக்காரர்களின் சூதாட்டம் என்று நடுத்தரக் குடும்பங்கள் ஒதுங்கியிருந்தன. ஆயிரக்கணக்கானவர்களின் சிறு தொகைகளை ஒன்று சேர்த்துப் பல கம்பெனிகளின் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வாங்கினால், ஒன்று சரிந்தாலும் மற்றொன்று காக்கும். வருகிற லாபத்தை எல்லோருக்கும் பகிரலாம். இதுதான் தத்துவம். 1963-ல் சட்டம் நிறைவேறி, 1964 பிப்ரவரியில் டிரஸ்டு பிறந்தது. ஐந்து கோடி மூலதனத்தில் பாதி ரிசர்வ் பாங்கினுடையது, மீதியை எல்.ஐ.சி.யும் ஸ்டேட் பாங்கும் மற்ற பாங்குகளும் போட்டன. ஜூலை மாதம் விற்பனைக்கு வந்த யூனிட்டின் விலை பத்தே ரூபாய். சோப்புக் கட்டியைச் சிற்றூர்க் கடைக்குக் கொண்டு சேர்த்தவர், தொழில் முதலீட்டையும் அதே அளவுக்கு நறுக்கி விற்கத் துணிந்தார் என்று சொல்லலாம்.

இரண்டாவது, இந்தியத் தொழில் வளர்ச்சி பாங்கு. 1964 ஜூலை முதல் தேதி ரிசர்வ் பாங்கின் துணை ஸ்தாபனமாக அது தோன்றியது. பெரிய தொழில்களுக்கு நேரே கடன் கொடுப்பதோடு, மாநிலக் கார்ப்பரேஷன்களும் பாங்குகளும் கொடுத்த கடனுக்குப் பின்னிருந்து பணம் தருவதும் அதன் வேலை. சிற்றாறுகளுக்கெல்லாம் ஒரு பேரேரி போல என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த 1964-ம் வருஷமே பார்லிமெண்டு, பொதுத்துறை ஸ்தாபனங்களின் கணக்கு வழக்குகளை ஆராய ஒரு தனிக் கமிட்டியை அமைத்துக்கொண்டது. கார்ப்பரேஷன்கள் பெருகப் பெருக, அவற்றைக் கேள்வி கேட்கும் வாயும் வேண்டும் என்பதை முந்தரா விவகாரம் ஜனப் பிரதிநிதிகளுக்கு உணர்த்தியிருந்தது.

இரண்டாவது ராஜினாமா

ஆனால் விதி மறுபடியும் விளையாடியது. டி. டி. கே.யின் புதல்வர்கள் நடத்திய தொழில்களுக்குச் சலுகை காட்டப்பட்டதாகச் சில பார்லிமெண்டு அங்கத்தினர்கள் புகார் எழுப்பினர். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, புகாரில் சாரம் உண்டா என்று சுப்ரீம் கோர்ட் பிரதம நீதிபதியின் அபிப்பிராயத்தைக் கேட்கலாம் என்று எண்ணினார். பிரதமருக்குத் தம் மீது நம்பிக்கை இருந்தால் அந்த வார்த்தையே போதும், அது இல்லையென்றால் பதவியும் வேண்டாம் என்பது டி. டி. கே.யின் நிலை. 1965 டிசம்பர் 31-ந் தேதி, வருஷம் முடியும் நாளில், ராஜினாமாவும் முடிந்தது. பதினொரே நாளில் சாஸ்திரி தாஷ்கெண்டில் காலமானார்.

முதல் முறை விசாரணைக்கு உட்பட்டுப் பதவி இழந்தவர், இரண்டாம் முறை விசாரணைக்கு இசையாமல் பதவி துறந்தார். எது சரி என்று கேட்டால், முதலாவதையே நாம் சொல்வோம். கேள்வி எழுந்தபின் பதில் ஊரறியக் கிடைத்துவிட்டால் பழியும் தீர்ந்துவிடும். பதில் கிடைக்காத கேள்வி, மனிதர் போனபின்னும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

1974 மார்ச் 7-ந் தேதி, தமது எழுபத்து நான்காவது வயதில் அவர் காலமானார்.

இன்றைக்கு என்ன மிச்சம்?

அவர் போட்ட வரிகள் நிற்கவில்லை. செலவு வரி ஒருமுறை ஒழிந்து, அவராலேயே 1964-ல் திரும்பி வந்து, 1966-ல் நிரந்தரமாக மறைந்தது. சொத்து வரியை 2015-ம் வருஷத்துப் பட்ஜெட் எடுத்துவிட்டது.

ஸ்தாபனங்களின் கதை நீளமானது. பத்து ரூபாய் யூனிட்டை நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் கலியாணச் செலவையும் ஓய்வுக்காலச் செலவையும் ஒப்படைத்தன. 2001 ஜூலையில் அந்தத் திட்டத்தின் விற்பனையும் திரும்ப வாங்குதலும் திடீரென்று நிறுத்தப்பட்டன. சர்க்கார் கைகொடுக்க வேண்டியதாயிற்று. 2003-ல் டிரஸ்டு இரண்டாகப் பிரிந்தது. தொழில் வளர்ச்சி பாங்கோ, சிறு தொழில் வளர்ச்சி பாங்கையும் தேசியப் பங்குச் சந்தையையும் உருவாக்குவதில் பெரும் பங்கு எடுத்துவிட்டு, பிறகு தானே சாதாரண பாங்காக மாறி, வாராக் கடனில் மூழ்கியது. 2019-ல் அதன் நூற்றுக்கு 51 பங்கை வாங்கிக் கரை சேர்த்தது யார் தெரியுமா? எல்.ஐ.சி.! 1957-ல் ஒரு தனி மனிதருக்குக் கை கொடுக்கப் போய்ச் சிக்கிய அதே எல்.ஐ.சி., அறுபது வருஷம் கழித்து ஒரு பாங்கையே தூக்கி நிறுத்தியது. 2022 மே மாதத்தில் எல்.ஐ.சி.யின் நூற்றுக்கு மூன்றரைப் பங்கைப் பொது ஜனங்களுக்கு விற்று, சர்க்கார் இருபதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது.

அன்று ஒன்றேகால் கோடிக்கு ஒரு மந்திரி போனார். இன்று தொகைகளில் சைபர்கள் கூடிவிட்டன. ஆனால் மாடவீதிக் குமாஸ்தாவின் கேள்வி மாறவில்லை. என் பிரீமியத்தை எங்கே போட்டீர்கள், யாரைக் கேட்டுப் போட்டீர்கள், நஷ்டம் வந்தால் பதில் சொல்பவர் யார் என்பதே அந்தக் கேள்வி.

ஜனங்களின் சிறு சேமிப்பால் தேசத்தைக் கட்டலாம் என்று டி. டி. கே. நம்பினார், கட்டியும் காட்டினார். அந்தச் சேமிப்புக்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்பதையும், தம் விருப்பத்தோடோ விருப்பமின்றியோ, தம் பதவியைக் கொடுத்தே காட்டிவிட்டுப் போனார். டி. டி. கே. சாலையில் போகும்போது குக்கரை மட்டும் நினைக்காமல், அடுத்த பிரீமியம் கட்டும் நாளில் இந்த மனிதரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம்.